சித்திரைக்கு ஒரு கோட்டு

சண்டிலிப்பாயில், ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர் கிருபைரட்ணம் கோயிலுக்குள் விழுந்த கதை தெரியாத ஆள் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு சித்திரையில் ஒருவரும் இல்லை. விழுந்து ஒரு வருடம் முடியப் போகிறது. என்றாலும் அவர் சந்தைக்குப் போய்ப் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாலும் யாராவது ஒருவர் வந்து, “இப்ப சுகமே ஐயா? தலைச்சுத்து ஒண்டும் இல்லையே?” என்று கேட்காமல் விடுவதில்லை. “ஓம், சுகம்” என்று சொல்லிவிட்டு அவர் பூசணிக்காயையும் வாங்காமல் சைக்கிளைத் திருப்பிவிடுவார்.

நடந்தது இதுதான். போன வைகாசியில் அவருடைய தமக்கை பியாட்றிசின் மகளுக்குக் கலியாணம். பியாட்றிசின் கணவர் காலமாகிவிட்டபடியால் பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிவரும் பொறுப்பு தாய்மாமனுக்கு வந்தது. குடும்பத்துக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் இருந்து பீடம் வரை பிசகில்லாமல்தான் நடந்து வந்தார். “இந்தப் பெண்ணை மணமுடித்துக் கொடுக்கிறவர் யார்?” என்று போதகர் கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தவர், சொல் வெளியே வரமுன் பக்கவாட்டில் சரிந்தார். கைக்கு அகப்பட்டது பெண்ணின் முக்காட்டு வலை. அதையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். வலை கிழிந்து, கொண்டை அவிழ்ந்து, பூவெல்லாம் நிலத்தில் கொட்டுண்டது. படம் பிடிக்க வந்தவன் அந்த நேரம் பார்த்து ஒரு படமும் எடுத்துவிட்டான்.

ஆண்கள் பக்கத்தில் இருந்து நாலைந்து பேர் ஓடினார்கள். பெண்கள் பக்கம் இரண்டாம் வாங்குப் பலகையில் இருந்த மனைவி வினிபிரட் கடைசியாகத்தான் எழுந்தாள். அதிர்ச்சியில் கால் மரத்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மை அவளுக்கு மட்டும் தெரியும். கணவன் சரிந்த கணத்தில் அவள் மனதில் முதலில் வந்தது பயம் இல்லை. யார் யார் பார்க்கிறார்கள் என்று அவள் கண் பின்வாங்குகளைச் சுற்றி ஓடியது. அந்தச் சுற்று முடிந்த பிறகுதான் கால் எழும்பியது. இருபத்தெட்டு வருடம் கூடி வாழ்ந்த மனிதன் நிலத்தில் கிடக்க, தான் சனத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. செபத்தில்கூட அந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவாள்.

இப்போது அவர்களுடைய ஒரே மகள் இராசமலருக்குக் கலியாணம். மாப்பிள்ளை அருட்பிரகாசம் உடுப்பிட்டியில் படிப்பிக்கிறவர். லெந்து என்னும் தவக்கால நாட்களில் கோயிலில் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே உயிர்த்த ஞாயிறு கழிந்து வரும் இரண்டாம் சனி என்று குறித்தார்கள். சித்திரை வெயில் உச்சத்தில் நிற்கும், தென்மேற்கில் இருந்து வரும் சோளகக் காற்று இன்னும் எழும்பியிராது, முருங்கை இலைகூட அசையாது. பின்னேரம் வைக்கலாம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போகும் வழியில் இருட்டிவிடும். யுத்தம் நடந்த அந்த நாட்களில் இருட்டிய பிறகு கலியாணக் கூட்டம் தெருவில் நிற்க ஏலாது. பகல் பதினொரு மணி என்று முடிவாயிற்று. கோயிலில் மின்விசிறிகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. மின்சாரம் நின்று இரண்டு வருடம் ஆனபடியால் ஒன்றில் குருவி கூடு கட்டியிருந்தது.

ஒரு காலை பியாட்றிஸ் பெரிய துணிப்பையோடு வந்தாள். பைக்குள் கோட்டு. பூச்சி உருண்டை மணம் குசினி வரைக்கும் அடித்தது.

“இந்தா வினி. ஏர்னெஸ்டுக்கு இது கொஞ்சம் இடுப்பிலை தொளதொளக்கும். பிடிச்சு விடு.”

“ஏர்னெஸ்டுக்கு ஏன் மச்சாள்?”

“ஏன் எண்டு கேக்கிறாய்? பிள்ளையை அவன் கூட்டிக்கொண்டு போகட்டும். சித்தப்பன்தானே, முறையிலை ஒரு பிழையும் இல்லை. தெம்பான உடம்பு. உன்ரை மனுசன் முன்வாங்கிலை வடிவாய் இருந்து பாக்கட்டும். நான் பக்கத்திலை ஒரு போத்தில் தண்ணியும் வைச்சுக்கொள்ளுறன்.”

பியாட்றிஸ் பொல்லாத மனுசி இல்லை. அவளுடைய மகளின் கலியாண அல்பத்தில் தம்பி விழுந்த படம் உள்ள பக்கம் பசை போட்டு ஒட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் இன்னொரு வீட்டில் வரக்கூடாது என்பதுதான் அவள் நினைப்பு.

கிருபைரட்ணம் வாசற்படியில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டு இருந்தார். “அது நல்ல யோசினை அக்கா,” என்றார். சட்டென்று சொன்னார். அந்தச் சட்டென்றதுதான் வினிபிரட்டின் நெஞ்சில் போய்த் தைத்தது. பல நாளாய் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தவன் சொல்லும் வேகம் அது.

இராசமலர் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். சுளகை நிலத்தில் வைத்தாள்.

“சித்தப்பாவிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை, மாமி. ஆனால் அப்பா வராட்டில் நான் தனிய நடந்து போவன். ஒருத்தற்றை கையும் எனக்கு வேண்டாம்.”

“இது ஆற்றை வாய்?” என்றாள் பியாட்றிஸ். “உன்ரை வாய்தான் வினி. எங்கடை பக்கத்திலை உப்பிடி வாயில்லை.”

“அப்ப அவர் வேட்டி சால்வையோடை கூட்டிக்கொண்டு போகட்டுமே மச்சாள்? கோட்டுத்தானே கரைச்சல்.”

பதில் சொன்னது பியாட்றிஸ் இல்லை, கிருபைரட்ணம். “கோட்டில்லாமல் நான் கோயிலுக்கை கால் வைக்கன். விழுந்தவன் கோட்டுக்குப் பயந்து வேட்டியோடை வாறான் எண்டு சொல்லுவினம். அதுக்கு நான் முன்வாங்கிலை இருந்தாலே போதும்.”

அவருக்கும் தமக்கைக்கும் அந்தக் கோட்டு வெறும் கோட்டு இல்லை. அவர்களுடைய தகப்பன் கோலாலம்பூரில் ரயில்வேயில் பெரிய கிளாக்கராக இருந்தவர். தன்னுடைய வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகும்போது தைப்பித்தது போலவே, அதே தையற்காரனிடம், அதே கறுப்புக் கம்பளித் துணியில் தனக்கும் ஒன்று தைப்பித்தார். துரை அதைப் போட்டுக்கொண்டு பனி கொட்டும் நாட்டுக்குப் போனான். இவர் பெட்டியில் வைத்துச் சண்டிலிப்பாய்க்குக் கொண்டு வந்தார். அன்று தொடங்கி அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையானவர்களும் பெண் கொடுத்தவர்களும் பதினேழு பேர் அதற்குள் புகுந்து வெளியே வந்திருக்கிறார்கள். இடுப்பைப் பிடிப்பதும் விடுவதுமாக ஓரம் முழுக்க ஊசித் துளை.

பியாட்றிஸ் வந்து போன மறுநாள் வினிபிரட் மிளகாய்த் தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டு போனாள். குரக்கன் பிட்டும், முதல் நாள் முருங்கைக்காய்க் கறியும், செம்பில் மோரும். பம்புக்கு மண்ணெண்ணெய் கிடையாமல் எல்லாரும் பழையபடி கிணற்றுத் துலாவுக்கு வந்துவிட்ட காலம். பக்கத்துத் தோட்டக்காரன் கதிரவேலு துலா மிதிக்க, கிருபைரட்ணம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு, பாத்திக்குப் பாத்தி மண்ணை வெட்டித் தண்ணீரை மாற்றி விட்டுக்கொண்டு நின்றார். நேரம் பத்தரை. காலை ஆறு மணிக்கு இறங்கியவர். அறுபது வயது முதுகு வெயிலில் மினுங்கியது. ஒரு தள்ளாட்டம் இல்லை.

அவள் வரம்பில் நின்றபடி அந்த முதுகையே பார்த்தாள். நாலரை மணித்தியாலம் நெருப்பு வெயிலில் நின்று தண்ணீர் கட்டுகிற மனிதன், ஓட்டு நிழலுக்குள், கோயிலுக்குள், கால் மணித்தியாலம் நிற்க முடியாமல் விழுந்தார் என்றால் பிழை மனிதனில் இல்லை. இவ்வளவு நாளும் இதை ஏன் நினைக்கவில்லை? அவள் ஒரு தையல் ரீச்சர். இருபது வருடம் பெண்பிள்ளைகளுக்குச் சட்டை வெட்டப் படிப்பித்தவள். அளவு பிழைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த பிள்ளையை என்றைக்காவது அவள் ஏசியிருக்கிறாளா? சட்டையைத்தான் பிரித்திருக்கிறாள்.

அன்று பின்னேரமே தீர்மானித்துவிட்டாள். கோட்டு இருக்கும். ஆனால் சித்திரைக்கு ஏற்ற கோட்டு.

வெள்ளிக்கிழமை சீவரத்தினம் வந்தான். வல்வெட்டித்துறைக்காரன். இந்திய அக்கரையில் இருந்து வள்ளத்தில் வந்து சேரும் துணிகளை வாங்கிச் சைக்கிள் கரியரில் மலை போலக் கட்டி ஊர் ஊராய் விற்பவன். வாய்க்கும் சைக்கிளுக்கும் பிரேக் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

“ரீச்சர், கலியாண வீடாம். சாறி காட்டட்டோ?”

“சாறி எடுத்தாச்சு. கோட்டுத்துணி காட்டு.”

“கோட்டோ? இந்த வெயிலுக்கோ? ஆரை ரீச்சர் கொல்லப் போறியள்?”

“கொல்லாத துணியாய்க் காட்டு.”

அவன் முதலில் விரித்தது பளபளவென்று நீலச்சாம்பல் துணி. “இது சிங்கப்பூர்ச் சாமான். கசங்காது. தோய்ச்சுக் காயப் போட்டுவிட்டு ஒரு பிளேன்ரி குடிச்சு வரக் காய்ஞ்சிடும். கனடாக்காரரின்ரை படங்களிலை பாத்திருப்பியள்.”

வினிபிரட் துணியை வாய்க்கு நேரே பிடித்து ஊதினாள். மறுபக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

“இதுக்குள்ளாலை மூச்சுப் போகேல்லை, சீவரத்தினம்.”

“துணிக்குள்ளாலை ஆர் ரீச்சர் மூச்சு விடுறது?”

“தோல் விடும்.”

இரண்டாவது வெள்ளை டிறில். பள்ளிக்கூடக் காற்சட்டைத் துணி. ஊதினால் கொஞ்சம் போயிற்று. மூன்றாவதை அவன் காட்டவில்லை. கட்டின் அடியில் கிடந்ததை அவள்தான் இழுத்தாள். வைக்கோல் நிறம். கைத்தறி. நூல் நன்றாய் முறுக்கியது, நெய்தது கொஞ்சம் அகல. அவள் அதைக் கைக்குள் வைத்துப் பொத்திக் கசக்கி விரித்தாள். மெல்லிய சுருக்கம் விழுந்தது. ஆனால் துவண்டு கிடக்கவில்லை, எழும்பி நின்றது. ஊதினாள். உள்ளங்கையில் மூச்சு சில்லென்று பட்டது.

“ஐயோ அது வேண்டாம் ரீச்சர். அது உரும்பிராயிலை ஒரு ஆள் தலையணை உறைக்கெண்டு சொல்லி வைச்சது.”

“மூண்டிலும் ஒரு சாண் வெட்டித் தந்திட்டுப் போ. திங்கட்கிழமை வா. உரும்பிராயார் இன்னும் கொஞ்ச நாள் உறையில்லாமல் படுக்கட்டும்.”

சனிக்கிழமை விடிய அவள் கணவனிடம் பழைய காக்கிச் சட்டை ஒன்றை நீட்டினாள். “இஞ்சருங்கோ, இண்டைக்கு இதைப் போட்டுக்கொண்டு தண்ணி கட்டுங்கோ.”

“தோட்டத்துக்குச் சட்டையோ? அரசாங்க அதிபர் வாறாரோ?”

“போடுங்கோவன்.”

முதுகில் மூன்று சதுரம் வெட்டி எடுத்து, அந்த இடங்களில் மூன்று துணியையும் பக்கம் பக்கமாகப் பொருத்தித் தைத்திருந்தாள். அவர் தோட்டத்துக்குப் போய் அரை மணித்தியாலம் ஆகவில்லை. துலாவின் மேலிருந்து கதிரவேலு போட்ட சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

“போஸ்ற்மாஸ்ரர்! முதுகிலை என்ன முத்திரை ஒட்டிக் கிடக்கு? உங்களை எந்த ஊருக்கு அனுப்பப் போயினம்?”

பத்து மணிக்கு வினிபிரட் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைத் தடவிப் பார்த்தாள். நீலச்சாம்பல் இருந்த இடத்தில் தோல் சிவந்து, பிசுபிசுத்து, வேர்வை நின்றது. டிறில் நனைந்து பலகை மாதிரிப் பாரமாய்க் கிடந்தது. வைக்கோல் நிறத்துத் துண்டும் நனைந்துதான் இருந்தது. ஆனால் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வேலிக்கு வந்து சேர அது காய்ந்துவிட்டது. வேலியடியில் நின்று கையால் தடவித் தடவிப் பார்த்தாள். பரீட்சையில் ஒரு பிள்ளைக்கு நூறு போடும்போது வரும் சந்தோசம் வந்தது.

திங்கட்கிழமை அதில் நாலரை யார் துணி வாங்கித் தண்ணீரில் ஊறப் போட்டாள். காயவிட்டு மறுபடி ஊறப் போட்டாள். சுருங்குவதெல்லாம் இப்போதே சுருங்கட்டும். அதுவரை சரி. அடுத்ததில்தான் முட்டிக்கொண்டாள். பாவாடை, சட்டை, இரவிக்கை எதையும் கண்ணால் பார்த்து வெட்டுவாள். ஆண்களின் கோட்டை அவள் ஒருநாளும் வெட்டியதில்லை. அது பட்டினத்து ஆண் தையற்காரர்களின் வேலை. அவர்களிடம் கொடுத்தால் கம்பளிக்கு வெட்டுகிறது போலத்தான் இதையும் வெட்டுவார்கள்.

ஒரு வழிதான் இருந்தது: பழைய கோட்டைப் பிரித்து, அதைப் பார்த்து வெட்டுவது. கோட்டைப் பாயில் கவிழ்த்துப் போட்டு, ஒரு சின்னச் செபம் சொல்லிவிட்டு, சவரப் பிளேட்டால் அடியோரத்தின் முதல் தையலை அறுத்தாள்.

பளபளப்பான உள்துணி தோலுரிவது போல வந்தது. அதற்குள் தடித்த கன்வஸ். நெஞ்சு நிமிர்ந்து நிற்கக் குதிரை மயிர்த் தட்டி. தோளில் பஞ்சு, அதற்கு மேல் இன்னும் ஒரு பஞ்சு. எண்ணிப் பார்த்தாள். உடம்புக்கும் காற்றுக்கும் நடுவில், கம்பளியோடு ஆறு அடுக்கு. இவ்வளவு நாளும் அவள் கம்பளியை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்தாள். உள்ளே இருந்த ஐந்து பேரை ஒருவரும் காணவில்லை.

“எங்கடை ஐயாவின்ரை கோட்டு!”

பியாட்றிஸ் கதவில் நின்றாள். கையில் இருந்த பலகாரப் பெட்டி சரிந்து இரண்டு பயற்றம் பணியாரம் உருண்டது.

“கிழிச்சுப் போட்டியே! அடி வினி, பதினேழு கலியாணம் கண்ட கோட்டை மீன் மாதிரிக் கிழிச்சுப் போட்டியே!”

“கிழிக்கேல்லை மச்சாள், பிரிச்சனான். அதே நூல் பாதையிலை திரும்பத் தைச்சுத் தருவன். ஒருத்தருக்கும் தெரியாது. முதல் இருங்கோ. இதைப் பாருங்கோ.”

உள்துணியின் முதுகுப் பக்கத்தை அவள் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாய் உப்புக் கோடுகள். குளம் வற்ற வற்றக் கரையில் விழுகிற கோடுகள் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று.

பியாட்றிஸ் பாயில் உட்கார்ந்தாள். விரலால் ஓர் உப்புக் கோட்டைத் தொட்டாள். “இது என்ன?”

“வேர்வை. ஒவ்வொரு ஆளின்ரையும். இதைப் போட்டுக்கொண்டு ஒருத்தரும் சுகமாய் நிக்கேல்லை மச்சாள். ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை.”

பியாட்றிஸ் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாய் விரலால் தடவினாள். பிறகு பேசியபோது குரல் வேறாக இருந்தது.

“எங்கடை கலியாணத்தண்டு அவர் வீட்டுக்கு வந்த உடனை என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. மாலையைக் கழட்டி என்ரை கையிலை தந்திட்டுக் கிணத்தடிக்குப் போயிட்டார். வாளி வாளியாய் அள்ளி ஊத்தினார். நான் எண்ணிக்கொண்டு நிண்டனான். பதினெட்டு வாளி. என்னைப் பிடிக்கேல்லையாக்கும், தலை முழுகிறார் எண்டு நினைச்சன். மூண்டு நாள் அழுதனான் வினி. அவர் சாகும் மட்டும் நான் அதை அவரிட்டைக் கேக்கேல்லை.”

அவள் உள்துணியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள், பிறகு கொஞ்சம் சிரித்தாள். “பாவி மனுசன். வெக்கை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதே?”

வினிபிரட் பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தாள். குடித்து முடிக்க பியாட்றிஸ் பழையபடி பியாட்றிஸ் ஆகிவிட்டாள்.

“எண்டாலும் தலையணை உறைத் துணியிலை கோட்டுப் போட்டுக்கொண்டு தம்பி வந்தால் சனம் சிரிக்கும். சொல்லிப் போட்டன். ஏர்னெஸ்ட் எங்கடை ஐயாவின்ரை கோட்டோடை ஆயத்தமாய் நிப்பான். தம்பி வாசலிலை கால் இழுத்தால் அவன் பிள்ளையின்ரை கையைப் பிடிப்பான்.”

“நிக்கட்டும் மச்சாள்.”

அடுத்த ஒரு கிழமை வினிபிரட்டின் கால் மெசின் மிதியை விட்டு இறங்கவில்லை. உடம்புக்கு உள்துணி வைக்கவில்லை. கை நுழைய வழுக்க வேண்டும் என்பதற்காகக் கைகளுக்கும், படிய வேண்டும் என்பதற்காகத் தோளில் ஒரு சாணுக்கும் மட்டும் மெல்லிய வேட்டித் துண்டு. பஞ்சு இல்லை. குதிரை மயிர் இல்லை. கழுத்துப்பட்டியும் முன் ஓரமும் நிமிர்ந்து நிற்க அதே துணியை இரட்டையாய் மடித்துத் தைத்தாள். உள்ளே தையல் ஓரங்கள் அம்மணமாய்த் தெரியுமே என்று ஒவ்வொன்றுக்கும் நாடா கட்டினாள். திருப்பிப் போட்டாலும் வெட்கப்படத் தேவையில்லாத மாதிரி. இடுப்பில் இரண்டு விரல் அகலம் தளர்ச்சி. இரண்டு முறை கை பிழைத்துப் பிரித்தாள். நடுவில் மாமனாரின் கோட்டையும் பழைய நூல் பாதையிலேயே தைத்து மூடினாள். ஹெலிகொப்டர் சத்தம் கேட்ட ஒரு காலை கோட்டையும் அணைத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இருந்தாள். “மெசினை விட்டிட்டுக் கோட்டைக் கொண்டு வந்திருக்கிறியள் அம்மா,” என்று மகள் சிரித்தாள். “மெசின் இன்னொண்டு வாங்கலாம்,” என்றாள் வினிபிரட்.

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்க, ஒரு மத்தியானம், கடைசி அளவு பார்த்தாள். கிருபைரட்ணம் சாரத்துக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு கைகளை விரித்து நின்றார். அவள் வாயில் குண்டூசிகள்.

“வினி,” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. “நீ பாடுபட்டுத் தைச்சிருக்கிறாய். ஆனால் ஏர்னெஸ்டே போகட்டும். கோட்டில்லை கரைச்சல். அந்த இடத்திலை போய் நிண்டு, போதகர் அந்தக் கேள்வியைக் கேக்கேக்கை எனக்குத் திரும்பவும் கண் இருட்டும். எல்லாரும் அதைப் பாக்கத்தான் வருவினம். உனக்கு விளங்காது.”

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாய் வாயில் இருந்து எடுத்துப் பஞ்சுப் பொட்டணியில் குத்தினாள்.

“எனக்கு விளங்கும். நீங்கள் விழேக்கை நான் உங்களைப் பாக்கேல்லை. பின்னுக்குத் திரும்பிச் சனத்தைப் பார்த்தனான். வெக்கப்பட்டனான். உங்களுக்கு என்ன நடந்தது எண்டு பிறகுதான் யோசிச்சனான். ஒரு வருசமாய் இதைச் சொல்லாமல் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு இருக்கிறன்.”

வெளியே காகம் ஒன்று கத்திவிட்டுப் போயிற்று. அவர் கைகளை இன்னும் கீழே விடவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றார்.

“எப்பிடி?”

“விழேக்கை நான் உன்னைத்தானே பார்த்தனான். நீ அங்காலை திரும்பி இருந்தாய். பின் கொண்டைதான் தெரிஞ்சது.” அவர் முகத்தில் மெல்ல ஒரு குறும்பு வந்தது. “எத்தினை பேர் இருந்தவை?”

அவள் மனதுக்குள் வாங்கு வாங்காய் எண்ணிப் பார்த்தாள். “நூற்றிப்பத்து இருக்கும்.”

“அவ்வளவுதானே? பென்சன் நாளிலை என்ரை யன்னலுக்கு முன்னாலை அதைவிடக் கூடச் சனம் நிக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கக் கிட்டக் கிடந்தது கோட்டுத்தான், அதைத் தொடவிடாமல் சாரத்தின் தலைப்பைக் கொடுத்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போலக் கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கக்கத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“வினி, இதை எத்தினை மணிக்குப் போட்டனான்?”

“பன்னிரண்டுக்கு. இப்ப ஒண்டாகப் போகுது.”

“கழட்ட மறந்து போனன்.”

அவர் முற்றத்துக்கு இறங்கினார். சைக்கிளை எடுத்தார். “குண்டூசி குத்திக் கிடக்கு, எங்கை போறியள்?” என்று அவள் கத்தக் கத்த, சாரமும் கோட்டுமாய்ச் சந்திப் பக்கம் மிதித்தார். தார் உருகுகிற வெயில். கதிரவேலு வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “முத்திரை ஒட்டி முடிஞ்சுது, தபால் போகுது!” என்றான். கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். சந்தியில் நாலு பேர் சிரித்தார்கள் என்றார். தானும் மணியடித்துச் சிரித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். முதுகு காய்ந்திருந்தது.

சனிக்கிழமை. பதினொரு மணி. கோயில் ஓடுகள் அனல் கக்கின. பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் விசிறியாகிவிட்டன. அருட்பிரகாசம் இரவல் கறுப்புக் கோட்டுக்குள் தோய்த்தெடுத்த மாதிரி நின்றான்; மாப்பிள்ளைத் தோழன் முகம் துடைக்க இரண்டாவது லேஞ்சியை எடுத்துக் கொடுத்தான். ஏர்னெஸ்ட் தகப்பனின் கோட்டோடு வாசல் தூணடியில் ஆயத்தமாய் நின்றார். பியாட்றிஸ் முன்வாங்கில், மடியில் தண்ணீர்ப் போத்தில், மூடி அரைவாசி திறந்தபடி.

இராசமலர் தகப்பனின் முழங்கையில் கை கொடுத்து வாசலில் தோன்றினாள். வைக்கோல் நிறக் கோட்டு யன்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் பொன் மாதிரி இருந்தது. எங்கோ பின்னால் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. அதற்கு மேல் வளரவில்லை. வினிபிரட் கணவனின் கால்களைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அதை விட்டு அவள் கண் நகரவில்லை. தூணடியைக் கடக்கும்போது அவர் தம்பியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நடந்தார். ஏர்னெஸ்ட் அப்போதே கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

“இந்தப் பெண்ணை மணமுடித்துக் கொடுக்கிறவர் யார்?”

கோயில் முழுக்க மூச்சை அடக்கியது. பியாட்றிசின் போத்தில் மூடி நிலத்தில் விழுந்து உருண்டது எல்லாருக்கும் கேட்டது.

“நான்தான்,” என்றார் கிருபைரட்ணம். பென்சன் நாளில் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி யன்னலுக்குள் இருந்து பெயர் கூப்பிடும் குரல். “என்ரை மகள். நான்தான் குடுக்கிறன்.”

புத்தகத்தில் உள்ளதற்கு மேல் நாலு சொல் கூட. போதகர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மகளின் கையை மாப்பிள்ளையின் நனைந்த கையில் வைத்துவிட்டு, அவர் தன் இடத்துக்குப் போய் இருந்தார். பிரசங்கம் நாற்பது நிமிடம் ஓடியது. கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்று பாடினார். வழக்கம் போலச் சுருதி இல்லாமல், வழக்கத்தை விடச் சத்தமாக.

வீட்டுப் பந்தலில் சோறும் ஆட்டிறைச்சியும், கோதுமை மா கிடையாதபடியால் ரவையில் செய்த கேக்கும். ஆண்கள் எல்லாரும் கோட்டுகளைக் கழற்றிக் கதிரை முதுகுகளில் போட்டுவிட்டுப் பெனியன் தெரிய இருந்து சாப்பிட்டார்கள். ஏர்னெஸ்ட் கிணற்றடிக்கே போய்விட்டார். கிருபைரட்ணம் கோட்டோடு பந்தி பந்தியாய் நடந்து விசாரித்தார். மாப்பிள்ளையின் தகப்பன் அவர் கையோரத்தைப் பிடித்து, “இது எங்கை தைச்சது, கொழும்பிலையோ?” என்று கேட்க, “இல்லை, வீட்டிலை,” என்று சொல்லிவிட்டு இன்னொரு அகப்பை இறைச்சி போடச் சொன்னார்.

இரண்டு மணி. வெயில் பந்தல் ஓலையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. வினிபிரட் குசினியில் பெண்களுக்குக் கேக் வெட்டிக்கொண்டு நின்றாள்.

“ஐயோ வினி! ஓடி வா! தம்பி விழுந்திட்டான்!”

கேக் கத்தி கையோடு அவள் ஓடினாள். இந்த முறை கால் அவளுக்கு முன்னால் ஓடியது. கதிரைகளைத் தள்ளிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர்களின் இலைகளைத் தாண்டி ஓடினாள். பந்தல் மூலையில் சாய்மனைக் கதிரையில் கிருபைரட்ணம் ஒரு பக்கம் சரிந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. ஒரு கை கீழே தொங்கியது. பியாட்றிஸ் போத்திலைத் தலைக்கு மேல் கவிழ்க்கத் தூக்கிவிட்டாள்.

வினிபிரட் குனிந்து அவர் நெற்றியில் கை வைத்தாள். கழுத்துப்பட்டிக்குள் விரலை விட்டாள். பிறகு காதை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனாள்.

மெல்லிய, ஒழுங்கான குறட்டை.

“போத்திலைக் கீழை வையுங்கோ மச்சாள்,” என்றாள் மெதுவாக. “அவர் நித்திரை.”

“என்னது? கோட்டோடையோ? இந்த வெயிலுக்கையோ?”

“ஓம்.”

பியாட்றிஸ் போத்திலைப் பிடித்தபடி தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீரைத் தானே குடித்தாள். கதிரைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார், படம் பிடிக்கிறவன் வந்தான், போதகரும் கையைக் கழுவாமல் வந்தார். ஒருவரும் சத்தம் போடவில்லை.

“எடு,” என்றாள் வினிபிரட் படக்காரனிடம். “வடிவாய் எடு.”

அவன் எடுத்தான். அவள் கேக் கத்தியை மகளிடம் கொடுத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துக் கணவனுக்குப் பக்கத்தில் போட்டு, கோயிலில் இருந்து வந்த பிறகு முதல் முறையாக உட்கார்ந்து, தனக்கு ஒரு இலை போடச் சொன்னாள்.